எழுதியவர்: நல்லகுமரன் கம்ப்யூட்டர்ஸ்

கம்ப்யூட்டர் திரையில் பச்சைக் கோடு பாதி தூரம் வந்து நின்றுவிட்டது.

அவள் தன் நாற்காலியை விட்டுக்கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். அதில் உட்கார்ந்திருந்தவர் நல்லகுமரன். கரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். இந்த ஏற்றுமதிக் கம்பெனியின் எல்லா மிஷினுக்கும் அவர்தான் வைத்தியர்.

"புது ஆபீஸ் சாஃப்ட்வேருங்க. காசு குடுத்து வாங்குனது," என்றார். "இதுல நாலு பேரு ஒரே ஃபைலை ஒரே நேரத்துல தொறந்து வேலை பார்க்கலாம். யாரு எதை மாத்துனாங்கன்னு பேரோட காட்டிக் குடுத்துரும்."

பேரோட.

அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு நின்றாள்.

போன வாரம் வரை பேரைப் பற்றி நினைத்தவள் இல்லை.

அந்த விலைக் கணக்கு ஃபைல் அவள் போட்டது. நூல் விலை, சாயக்கூலி, தறிக்கூலி, சேதாரம் எல்லாவற்றையும் உள்ளே கொடுத்தால், ஒரு படுக்கை விரிப்பை என்ன விலைக்குக் கொடுக்கலாம் என்று கடைசிக் கட்டத்தில் வந்து நிற்கும். ஒரு மழைக்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டியிருந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் அடித்த நாளிலும், கணக்கு எங்கே பிசகுகிறது என்றுதான் மனம் ஓடியது. அதை நினைத்தால் இன்றும் அவளுக்குக் குற்ற உணர்ச்சியாக இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வந்தவர், பையர் என்பார்கள் இங்கே, அதைப் பார்த்து அசந்துபோனார். யார் செய்தது என்று கேட்டார்.

"நான்தான்," என்றார் மேலாளர் தணிகாசலம். கூசாமல்.

அவர் அதில் செய்த வேலை, தன் மிஷினுக்கு ஒரு காப்பி எடுத்துக்கொண்டது.

பையர் போன பிறகு அவள் முதலாளியின் அறைக்குப் போனாள். அப்படியெல்லாம் போகிறவள் இல்லை. வயிறு எரிந்தது, போனாள்.

முதலாளி தணிகாசலத்தையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். நியாயஸ்தர். "ஃபைல்லயே யாரு எழுதுனதுன்னு இருக்குமாமே. பார்த்துருவோம்," என்றார்.

தணிகாசலத்தின் முகம் வெளுத்தது. அவள் அதைப் பார்த்தாள். கொஞ்சம் ஆசை தீரவே பார்த்தாள்.

ஃபைலின் விவரத்தைத் திறந்தார்கள்.

எழுதியவர்: நல்லகுமரன் கம்ப்யூட்டர்ஸ்.

என்றைக்கோ திருட்டு சாஃப்ட்வேரை ஏற்றும்போது, பேர் கேட்ட இடத்தில் மனிதர் கடைப் பேரைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார். எல்லா மிஷினிலும் அதே கதை. இத்தனை வருடமாக அந்தக் கம்பெனியின் சம்பளப் பட்டியலை எழுதியவர் அவர். ஆயுத பூஜை அழைப்பை எழுதியவர் அவர். தாமதமாய்ப் போன சரக்குக்கெல்லாம் பையர்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியவரும் அவரே.

முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தணிகாசலமும் சிரித்தார், ஒரு மூச்சு விட்டுக்கொண்டு. அவளும் சிரிக்க வேண்டியிருந்தது.

அதுதான் இன்னும் ஆறவில்லை.

பிறகு முதலாளியின் சிரிப்பு சட்டென்று நின்றது. "திருட்டு சாஃப்ட்வேரை வச்சா ஓட்டிட்டு இருக்கறோம்? பையர் கண்ணுல பட்டா மானம் போயிரும். ஒரிஜினல் வாங்கிப் போடச் சொல்லுங்க."

அவள் முறையீட்டுக்குக் கிடைத்த தீர்ப்பு அது. யார் போட்டது என்ற பேச்சு அதோடு அமுங்கிப்போனது.

பச்சைக் கோடு மறுபடி நகர்ந்து, முடிந்தது. திரை பேர் கேட்டது.

நல்லகுமரன் இந்த முறை கடைப் பேரைத் தட்டவில்லை. போன வாரக் கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"உங்க பேரே போட்டுரலாங்க. சொல்லுங்க."

"பூரணவல்லி."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. போனது போகட்டும். இனிமேல் செய்வதாவது தன் பேரில் இருக்கும்.

அவர் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். பேர் முழுசாகத் திரையில் வந்துவிட்டது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து தணிகாசலத்தின் குரல் கேட்டது.

"நல்லகுமரன், விலைக் கணக்கு மிஷினுக்கெல்லாம் என் பேரையே போட்டுருங்க. முதலாளிகிட்டச் சொல்லிட்டேன். ஆளுக்கொரு பேரு இருந்தா கொழப்பம்."

நல்லகுமரன் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு அழிக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தார். அவள் பேர் வால் பக்கமிருந்து தேய்ந்து காணாமல் போனது.

"தணிகாசலத்துக்கு ஸ்பெல்லிங் எப்படிங்க?"

அவள் சொன்னாள். அவர் அடித்ததில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அதையும் காட்டிக்கொடுத்தாள்.

சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அவர் புது ஃபைல் ஒன்றைத் திறந்தார். வரிசை வரிசையாக வெள்ளைக் கட்டங்கள். இன்னும் ஓர் எண்கூட ஏறவில்லை.

அவள் குனிந்து, போன வாரம் கற்றுக்கொண்டபடி, அதன் விவரத்தைத் திறந்தாள்.

எழுதியவர்: தணிகாசலம்.

நல்லகுமரன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். நாற்காலியை அவள் பக்கம் திருப்பிவைத்தார்.

"உக்காருங்க. இனி எல்லாமே ஒரிஜினலுங்க."