நாலு வயது மாடு

பென்னாகரம் பக்கத்துக் காட்டோரக் கிராமத்தில், வீரமணி மாட்டை மேய்க்க ஓட்டிப் போய்ப் பதினோரு வருடமாகிறது. அவரும் திரும்பவில்லை, மாடும் திரும்பவில்லை. போலீஸும் வனத்துறையும் தேடிப் பார்த்துக் கைவிட்டுவிட்டார்கள்.

போன திங்கட்கிழமை சாயங்காலம் மாடு மட்டும் தானாக வந்து வாசலில் நின்றது. இடது காதில் அதே கிழிசல். வீரமணியின் மனைவி சசிகலா கால்நடை மருத்துவரைக் கூட்டிவந்தாள். அவர் பல்லைப் பிடித்துப் பார்த்தார்.

"நாலு வயசு மாடுங்க இது."

காணாமல் போன அன்றும் அதற்கு நாலு வயதுதான்.

சசிகலா ஸ்டேஷனுக்குப் போனாள். ஏட்டு பழைய கோப்பைப் புரட்டிவிட்டு மூடினார். "மாடு வந்துச்சுன்னு என்னத்தம்மா எழுதறது? ஆள் வந்தா சொல்லு."

மாடு தினமும் காலையில் காட்டுக்குப் போனது. போகும்போது மடி நிறைந்திருக்கும். திரும்பும்போது யாரோ கறந்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை சசிகலா அதன் கயிற்றைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு கூடவே போனாள். பகல் முழுக்க மாட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உச்சிவேளையில் மாடு மேய்வதை நிறுத்தி, பின்கால்களை அகட்டிச் சற்று நேரம் அசையாமல் நின்றது. பக்கத்தில் யாரும் இல்லை.

"எங்கதாங்க இருக்கறீங்க?" என்று கத்தினாள். மாடு மறுபடி மேயத் தொடங்கியது.

வீட்டுக்கு வந்ததும் சொம்போடு உட்கார்ந்தாள். மடி வற்றியிருந்தது. காம்பில் யாரோ தடவியிருந்த விளக்கெண்ணெய் அவள் விரல்களில் ஒட்டியது.