மேனேஜர் லேப்டாப்புக்கு உடம்பு சரியில்லை

"ஈரத்துணிய வெச்சி யாரு தொடைக்கச் சொன்னது? லேப்டாப் செத்துக் கெடக்குது பாரு!"

மேனேஜர் கோதண்டராமன் போட்ட சத்தம் கட்டிங் செக்‌ஷன் வரைக்கும் கேட்டது. செண்பகத்துக்குக் கை கால் ஓடவில்லை.

ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியில் கூட்டித் துடைக்கும் வேலைக்கு அவள் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் இப்படி ஒரு சோதனை. அதுவும் இன்றைக்குப் பார்த்தா?

ஷூ வாங்குகிற வெளிநாட்டுப் பார்ட்டி அனுப்பிய ஆடிட்டர் எழிலரசி மேடம் சென்னையிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறார். தொழிலாளிகளைக் கம்பெனி ஒழுங்காக நடத்துகிறதா என்று பார்க்க வந்தவர். அவர் கேட்ட ஆறு மாத அட்டெண்டன்ஸ் அந்த லேப்டாப்புக்குள்தான் இருக்கிறது.

"நல்லா பிழிஞ்சிட்டுத்தான் சார் தொடைச்சேன். அதுவும் டேபிள மட்டும்தான்..."

"அப்ப ஏன் ஆன் ஆவல? நாளைலேர்ந்து நீ வர வேணாம், போ!"

வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். மகள் ஸ்வேதா நர்சிங் முதல் வருஷம் படிக்கிறாள். செண்பகத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அவங்கள ஏன் சார் திட்றீங்க?" என்றார் எழிலரசி. "முதல்ல லேப்டாப்பை சரி பண்ணப் பாருங்க."

மேனேஜர் குரல் உடனே வெண்ணெயாக உருகியது.

"மேடம் சொன்னா சரி. ஏழை வயித்துல அடிக்கிற ஆளா நானு? மெக்கானிக் வந்து பாக்கட்டும். தண்ணி பூந்திருக்குன்னு சொன்னா இந்தம்மா வீட்டுக்குப் போவட்டும். இல்லன்னா இங்கியே இருக்கட்டும். நியாயம்னா நியாயம்தான் மேடம்."

மேடம் காதில் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டே லேப்டாப் கடை சதீஷ்குமாரைக் கூப்பிட்டார்.

"நான் ஜோலார்பேட்டைல ஒரு கல்யாணத்துல இருக்கேன் சார். கடைல புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்குது, அத்த அனுப்புறேன்."

"யாரா இருந்தா இன்னா, சீக்கிரம் அனுப்புய்யா!"

அதற்குள் செய்தி பரவி, ஆளாளுக்கு டாக்டராகி உள்ளே நுழைந்துவிட்டார்கள். பவர் பட்டனை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிக்கச் சொன்னார் ஒருவர். சார்ஜரை மாற்றலாம் என்றார் இன்னொருவர். ஃபினிஷிங் சூப்பர்வைசர் தனகோடி, ஷூவில் சுருக்கம் எடுக்கிற சூடுகாற்று மெஷினையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"ரெண்டு நிமிஷம் காட்னா உள்ள இருக்கிற ஈரம்லாம் காஞ்சிரும் சார்."

"யாரும் கை வைக்கக் கூடாது! மெக்கானிக் வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்" என்று எல்லோரையும் துரத்தினார் மேனேஜர். எவ்வளவு ஜாக்கிரதையான மனுஷர் என்று அந்தக் கலவரத்திலும் செண்பகம் நினைத்துக்கொண்டாள்.

"மேடம், அதுக்குள்ள நாம பிரியாணி சாப்ட்டு வந்துடலாமா?"

"மணி பத்தரைதான் ஆகுது சார்."

"பத்தரைக்குத்தான் மேடம் மொத அண்டா தம்மே ஒடைப்பாங்க!"

"பரவாயில்ல. நான் வெயிட் பண்றேன்."

கால் மணி நேரத்தில் புர்காவும் தோள் பையுமாக வந்து நின்றாள் கடைப் பெண் அஃப்ஸர் ஜஹான். லேப்டாப்பைக் கவிழ்த்தாள், ஸ்க்ரூக்களைக் கழற்றினாள், மூடியைத் திறந்து டார்ச் அடித்தாள்.

செண்பகம் ஊரிலுள்ள எல்லா அம்மனையும் வேண்டிக்கொண்டாள்.

"தண்ணி ஒரு சொட்டு கூட இல்ல. பவர் பட்டனுக்குப் போற ஒயரு கழண்டிருக்குது, அவ்ளோதான்" என்றாள் அஃப்ஸர் ஜஹான். "ஆனா இது தானா கழல்ற ஒயரு இல்லியே..."

"பைபாஸ்ல லாரி ஜாஸ்திம்மா. அந்த அதிர்வுல கழண்டிருக்கும்" என்று அவசரமாகச் சொன்னார் மேனேஜர்.

ஒயரை மாட்டி பட்டனை அழுத்தினாள். லேப்டாப் கண் விழித்தது.

"நீ நல்லா இருக்கணும் தாயி!" அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள் செண்பகம். போன உயிர் திரும்பி வந்த சந்தோஷம்.

மேனேஜருக்குத்தான் ஏனோ வியர்த்துக் கொட்டியது.

"அட்டெண்டன்ஸைத் திறங்க சார்" என்றார் எழிலரசி.

"அது... இந்த டென்ஷன்ல பாஸ்வேர்டு மறந்துபோச்சு மேடம்."

தன்னை வேலையில் வைத்துக்கொண்ட புண்ணியவானுக்கு ஒரு கஷ்டம் என்றால் செண்பகம் சும்மா இருப்பாளா?

"இன்னா சார், லேப்டாப்புக்கு அடியில சீட்டு எழுதி ஒட்டி வெச்சிருக்கீங்களே! டெய்லி பாக்குறனே நானு!"

சீட்டைப் பார்த்து எழிலரசியே டைப் செய்தார். ஆறு மாத அட்டெண்டன்ஸ் திரையில் விரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லை. தையல் செக்‌ஷன் பெண்கள் பன்னிரண்டு மணி நேரம், பதினாலு மணி நேரம் என்று வேலை பார்த்திருந்தார்கள். எழிலரசி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு மெல்ல வெளியே நழுவினார்.

பாவம், காலையிலிருந்து தொண்டை காயக் கத்தியவர் ஆயிற்றே என்று ஒரு டம்ளர் தண்ணீரோடு பின்னாலேயே போனாள் செண்பகம். படிக்கட்டு ஓரம் அவர் போனில் யாரையோ பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"யோவ் சதீஷ்குமாரு, வருஷா வருஷம் ஆடிட் அன்னிக்கு வந்து 'போர்டு போச்சு, ஒரு வாரம் ஆவும்'னு சொல்லிட்டுப் போவியே... இந்த வருஷம் எதுக்குய்யா ரிப்பேர் பண்ணத் தெரிஞ்ச ஆள அனுப்ன?"