ஏணி மேல் நான்

ரிட்டயர் ஆன கையோடு ஓவியச் சங்கத்தில் சேர்ந்தேன். வரைய வந்தவனை ஏணியில் ஏற்றி, கண்காட்சிப் படங்களை மாட்ட விட்டார்கள்.

"என் படத்தையும் மாட்டலாமா?"

"வாலண்டியர் படத்தை வைக்கக் கூடாது சார். பாரபட்சம்னு பேச்சு வந்துடும்" என்றார் செயலாளர்.

வருஷா வருஷம் இதே பாட்டு. வெறுத்துப்போய் இந்த வருஷம் வாலண்டியர் வேலையை உதறினேன். உடனே என் படம் தேர்வாகிவிட்டது!

திறப்பு விழாவுக்கு சம்பந்தி வீட்டாரையெல்லாம் கூட்டிக்கொண்டு போனால், அத்தனை படங்களும் தரையில் கிடந்தன.

"மாட்ட ஆளே கிடைக்கல சார்" என்று கையைப் பிசைந்தார் செயலாளர்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். எல்லார் படத்தையும் மாட்டிவிட்டு, கடைசியாக என்னுடையதற்குக் கை நீட்டினேன்.

செயலாளர் தலையைச் சொறிந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்கதான் மறுபடியும் வாலண்டியர் ஆயிட்டீங்களே!"