மழை நாள் தடம்

“யாரைக் காப்பாத்தறீங்க?” என்றார் சைக்கிள் சங்கச் செயலாளர்.

தடங்களின் பராமரிப்பு அம்மா மண்வெட்டியில் சாய்ந்து நின்றார்.

மலையில் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே போட்ட தடங்கள் அவை. திறந்து ஆறு வாரம்தான் ஆகிறது. மூன்று தடம், பதினோரு கிலோமீட்டர். மழை பெய்தால் இரண்டு நாளைக்கு வாசலில் சங்கிலி. ஈர மண்ணில் டயர் இறங்கினால் பள்ளம் விழும். காய்ந்ததும் அது கல்லாகிவிடும். பின்னால் வருகிறவர் குப்புற விழ வேண்டியதுதான்.

விதியை எழுதியவர் செயலாளர். மீறினால் ஒரு வருடம் தடை.

“நான் ஓட்டலை, மச்சான் எடுத்துட்டுப் போனான்னு யாரும் கதை விடக் கூடாது. சைக்கிள் யாருதோ, தடை அவருக்கு!” என்று கூட்டத்தில் மேசையைத் தட்டிச் சொன்னவரும் அவரே.

புதன்கிழமை மழை. வியாழக்கிழமை யாரோ சங்கிலிக்கு அடியில் நுழைந்து ஐந்தாவது வளைவு வரை ஓட்டியிருக்கிறார்கள். வாசலில் சக்கரத் தடத்தைப் பார்த்த உறுப்பினர் ஒருவர் உடனே செயலாளருக்குப் போன் செய்துவிட்டார்.

“நான் வர்ற வரைக்கும் தொடாதீங்கன்னு போன்ல சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க சார்.”

“அப்புறம் ஏன் மூடினீங்க?”

“பள்ளம் சார். யாராவது விழுந்துடுவாங்க.”

“யாரு ஓட்டினதுன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும் சார்.”

இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

“அப்ப சொல்லுங்க.”

“சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன் சார்.”

“ஞாயித்துக்கிழமை காலையில எனக்குப் பேர் வரணும். இல்லைன்னா கேட் சாவியை வெச்சுட்டுக் கிளம்பிடுங்க.”

அந்த மலையில் பாதி வளைவுகள் அந்த அம்மா வெட்டியவை. இரண்டு வருட வேலை. அவர் மண்வெட்டியைத் துடைத்தார்.

செயலாளர் சும்மா திரும்பவில்லை. ஐந்தாவது வளைவில், பாறைக்கு அடியில், மூடாமல் விட்டுப்போன ஒரு சாண் டயர் அடையாளத்தைக் கண்டுபிடித்துவிட்டார். நடு வரிசையில் ஒரு குமிழ் பதியவில்லை. டயரில் அந்த ரப்பர்க் குமிழ் பிய்ந்திருக்கிறது.

“மாட்டினான்!” என்று படம் எடுத்துக்கொண்டார். “ஞாயித்துக்கிழமை வாசல்ல ஈர மணல் பரப்பி வைங்க. ஒவ்வொரு வண்டியா அதுமேல உருளட்டும்.”

“வேணாம் சார். மாட்டறவங்களுக்கு அவமானம்.”

“அதுக்குத்தானேம்மா செய்யறேன்.”

ஞாயிற்றுக்கிழமை மணல் தயாராக இருந்தது. பக்கத்தில் மேசை. மேசைமேல் பராமரிப்பு அம்மா வைத்துவிட்ட கேட் சாவி.

“பேர்?” என்றார் செயலாளர்.

பராமரிப்பு அம்மா சாவியைக் காட்டினார்.

உறுப்பினர்கள் வரிசையில் நின்றார்கள். “ஏர்போர்ட்ல கூட இவ்வளவு சோதனை கிடையாதுப்பா” என்று யாரோ முணுமுணுத்தார்கள். இருபத்தாறு வண்டிகள் உருண்டன. எதுவும் பொருந்தவில்லை.

“உங்க வண்டி ஒண்ணு பாக்கி இருக்கே செயலாளர் சார்?” என்றார் வரிசையில் நின்ற பல் டாக்டர்.

சிரிப்பு எழுந்தது.

“தாராளமா!” செயலாளர் காரின் பின்னாலிருந்து தன் சைக்கிளை இறக்கினார். “இந்த சீட்டு வேற, தானா இறங்கிப்போகுது” என்று உயர்த்திவிட்டு மணலில் உருட்டினார்.

நடு வரிசையில் ஒரு குமிழ் பதியவில்லை.

சிரிப்பு நின்றது. செயலாளர் குனிந்து பார்த்தார். போனை எடுத்துப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

“நான் வரலை. வியாழக்கிழமை நான் ஆபீஸ்ல இருந்தேன். சத்தியமா!”

கார்க் கதவு திறந்தது. செயலாளர் எப்போது சைக்கிள் ஓட்ட வந்தாலும் அவர் மனைவிக்கு ஒரே வேலை, காரில் உட்கார்ந்து ஃப்ளாஸ்க்கைப் பார்த்துக்கொள்வது. இன்று ஃப்ளாஸ்க்கை சீட்டில் வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

“நான்தாங்க ஓட்டினேன்.”

“நீயா? உனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே!”

“தெரியாததாலதான் மழை நாள்ல வந்தேன். சிரிக்க ஆள் இருக்க மாட்டாங்க.”

யாரும் சிரிக்கவில்லை.

“அஞ்சாவது வளைவுல விழுந்து கிடந்தேன். அக்கா வந்து தூக்கிவிட்டாங்க. பள்ளத்தைக் காட்டித் திட்டினாங்க. ரெண்டு பேரும் சேர்ந்துதான் மூடினோம். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கெஞ்சினேன். வேலையை விட்டுக்கூட வாக்கைக் காப்பாத்துவாங்கன்னு எனக்குத் தெரியலைங்க.”

செயலாளர் சாவியை எடுத்துப் பராமரிப்பு அம்மாவின் கையில் கொடுத்தார். “தப்பா பேசிட்டேம்மா” என்றார், மெதுவாக.

தடைப் பட்டியல் நோட்டைத் திறந்து, முதல் வரியில் தன் பெயரையே எழுதினார்.

“அப்ப எனக்குத் தடை இல்லையா?” என்றார் மனைவி.

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். “விதிப்படி சைக்கிள் யாருதோ அவருக்குத்தாங்க தடை. சாரே எழுதினது.”

மனைவி திரும்பினார். “அக்கா, தடம் காஞ்சிருச்சா?”

“நல்லா காஞ்சிருச்சும்மா. அஞ்சாவது வளைவுல மட்டும் மெதுவா.”

மனைவி சீட்டை இறக்கிக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

செயலாளர் காருக்குப் போய், ஃப்ளாஸ்க்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.