மைக்கில் ஒரு நிமிஷம்

"அந்தாளைப் பாருங்க பிரதர்! கையில நோட்டு, கையோட பேனா. சத்தியமா இவன்தான் அந்த உளவாளி!"

மைதானத்து கேலரியில் ரோண்டா இடித்த இடியில் சர்ச் டீக்கன் ஆர்விலின் மடியிலிருந்த அவித்த வேர்க்கடலை பாதி கீழே கொட்டியது.

"கொஞ்சம் மெதுவா சிஸ்டர். ஆளு நம்ம பக்கமே பாக்கறான்."

"பாக்கட்டுமே! அதுக்குத்தானே காசு குடுத்து அனுப்பியிருக்காங்க!"

அலபாமாவின் அந்தச் சிற்றூர் ஒரு மாதமாகவே கொதித்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஃபுட்பால் மேட்ச்சுக்கு முன்னால் பாஸ்டர் பள்ளி மைக்கில் ஜெபம் செய்வது நாற்பது வருஷப் பழக்கம். போன மாதம் வக்கீல்களிடமிருந்து கடிதம் வந்தது. அது அரசாங்கப் பள்ளி, அரசாங்க மைக். அதில் பாஸ்டர் ஜெபம் செய்யக்கூடாது, மீறினால் கோர்ட். ஆள் அனுப்பிக் கவனிப்போம் என்றும் எழுதியிருந்தார்கள்.

ரோண்டா விடுவாளா? பள்ளி போர்டு கூட்டத்தில் மேசையைத் தட்டித் தட்டியே ஒரு வழி பிறக்க வைத்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை ஆட்டக்காரன் ஒருவனின் ஹெல்மெட்டில் போட்டுக் குலுக்குவது. யார் சீட்டு வருகிறதோ அந்தப் பிள்ளைக்கு மைக்கில் ஒரு நிமிஷம். என்ன பேசுவது என்பது பிள்ளையின் இஷ்டம். பெரியவர்கள் யாரும் மூக்கை நுழைக்கக்கூடாது.

முதல் சீட்டே அவள் மகள் டெஸாவுக்கு விழுந்தது! தலைகால் புரியவில்லை ரோண்டாவுக்கு. "என்னடி ஜெபம் பண்ணப்போறே?" என்று காலையிலிருந்து நச்சரித்தும், "மைக்ல கேட்டுக்கோம்மா" என்று சிரித்தே மழுப்பிவிட்டாள் அந்தக் கள்ளி.

டெஸாவோடு இரட்டையாய்ப் பிறந்து ஐந்து நிமிஷம் மூத்தவன் கோல்பி. இதே மைதானத்தில் ஏழாம் நம்பர் சட்டை. அவனுக்கு இது கடைசி வருஷம். ஆட்டத்தைப் பார்த்து எந்தக் காலேஜும் கூப்பிடாவிட்டால் அப்பாவோடு கோழிப் பண்ணைதான். அந்தக் கவலை ரோண்டாவுக்கு நிறைய உண்டு. ஆனால் இன்றைக்கு அதை நினைக்க ஏது நேரம்?

உருகிய சீஸ் வழியும் நாச்சோஸ் தட்டோடு போய் அந்த ஆளின் பக்கத்தில் தொம்மென்று உட்கார்ந்தாள்.

"யாரைப் பாக்க வந்தீங்க?"

அவர் தயங்கினார். "சும்மாதான் மேடம். மேட்ச் பாக்க."

"மேட்ச் பாக்க நோட்டு எதுக்கு? பரீட்சை எழுதப்போறீங்களா?"

பின்வரிசை கொல்லென்று சிரித்தது. ரோண்டாவுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது.

"நல்லாக் கேட்டுக்கோங்க. என் பேரு ரோண்டா பிக்கெட். மைக்ல பேசப்போறது என் பொண்ணு. அதோ, அந்த ஏழாம் நம்பர் என் பையன்!"

அந்த ஆளுக்கு முகம் மாறிவிட்டது. நோட்டைச் சட்டென்று மூடிக்கொண்டு இரண்டடி தள்ளி உட்கார்ந்தார்.

"மன்னிக்கணும் மேடம். உங்ககிட்ட நான் ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது. அது ரூல்."

"கேட்டீங்களா பிரதர்? கோர்ட்டுக்குப் போறவங்க வாயிலதான் இந்தப் பேச்சு வரும்!" ரோண்டா துள்ளி எழுந்தாள். "ரூலாம் ரூலு! என் பிள்ளை வாயைத் தொறந்து ஜெபம் பண்ண உங்க ரூல் எதுக்குய்யா?"

கையை வீசியதில் சீஸ் முழுவதும் அவர் நோட்டின் மேல் கவிழ்ந்தது. தெரியாமல் பட்டது என்று ரோண்டா பைபிள் மேல் கைவைத்துச் சொல்வாள். ஆர்விலிடம் மட்டும் கேட்கக்கூடாது.

"கதவு அந்தப் பக்கம் சார்!" பின்வரிசையிலிருந்து குரல்கள் கிளம்பின.

"கார் வரைக்கும் தூக்கிட்டுப் போய் விடணுமா?"

"மகராசனா போய்ட்டு வாங்க!"

அவர் நோட்டைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே எழுந்தார். "பரவால்ல மேடம். பக்கத்து ஊர்லயும் இன்னிக்கு மேட்ச் இருக்கு. நான் அங்கயே போய்க்கறேன்."

அவர் படியிறங்கும் வரை வரிசை முழுவதும் கைதட்டியது. ரோண்டா கோலியாத்தைச் சாய்த்த தாவீது மாதிரி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

மைக் கரகரத்தது. தொப்பிகள் கழன்றன. மைதானத்தில் கோல்பி முழங்காலிட்டான்.

"கர்த்தாவே, உமக்கு நன்றி," டெஸாவின் குரல் கணீரென்று ஒலித்தது. "எங்கம்மா மூணு வருஷமா பண்ணின ஜெபத்துக்கு இன்னிக்கு நீர் பதில் குடுத்துட்டீர்."

ரோண்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஆமென்!" என்று முந்திக்கொண்டு கத்தினாள்.

"என் அண்ணன் ஆடறதைப் பாக்க யூனிவர்சிட்டியிலேர்ந்து ஒருத்தரை அனுப்பி வச்சிருக்கீர். ஆடற பையனோட வீட்டு ஆளுங்ககிட்ட அவர் பேசக்கூடாதுன்னு ரூல் இருக்காம். தெரிஞ்சா அம்மா சும்மா இருக்க மாட்டாங்கன்னுதான் அவங்ககிட்ட நாங்க சொல்லல, மன்னிச்சிரும். நோட்டும் கையுமா இங்கதான் எங்கயோ உக்காந்திருக்கார். அவர் கண்ணு அண்ணன் மேலயே இருக்கட்டும் ஆண்டவரே!"

"ஆமென்!" என்று ஊரே எழுந்து நின்று முழங்கியபோது, ரோண்டா மட்டும் காலி நாச்சோஸ் தட்டும் கையுமாகக் கார்கள் நிற்கும் இடத்தை நோக்கித் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தாள்.