காரணம் சொன்னால் வைத்துக்கொள்ளலாம்

“கைப்பிடி இல்லாத வாணலிய வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? தலைல கவுத்துக்கப் போறியா?”

“உன் வீட்டுப் பரண்ல என்ன கெடக்குன்னு நான் வந்து பாக்கட்டுமா?”

கூடத்தில் அண்ணனும் தங்கையும் காலையிலிருந்து இப்படித்தான். உள்ளறையில் கட்டிலோரம் உட்கார்ந்து பழைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அண்ணன் அவள் கணவன். தங்கை அவளுடைய நாத்தனார்.

மாமியார் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. அவர் படுக்கையில் கிடந்த காலமெல்லாம் வீட்டில் சேர்ந்துபோன சாமான்களை ஒழிப்பதற்கென்றே நாத்தனார் லீவு போட்டு வந்திருந்தாள்.

வந்தவள் கூடத்தில் மூன்று போர்வைகளை விரித்தாள். வைத்துக்கொள்ள ஒன்று, கொடுத்துவிட ஒன்று, தூக்கிப்போட ஒன்று.

கூடவே ஒரு சட்டமும் போட்டாள். எதையாவது வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் எல்லார் முன்னாலும் காரணம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அது வீட்டை விட்டுப் போக வேண்டியதுதான்.

வாணலிக்கு அவனால் காரணம் சொல்ல முடியவில்லை. போய்விட்டது. அதன் பின்னாலேயே மூடி இல்லாத ஃப்ளாஸ்க்கும் போனது.

“அண்ணி, எந்திரிச்சு வந்து ஒரு கை குடுங்க. உக்காந்த எடத்துலயே ராஜ்ஜியம் நடத்துறீங்களே.”

“வர்றேம்மா” என்று சிரித்தாள். எழுந்திருக்கவில்லை.

கொஞ்ச நாளாகவே அவள் அப்படித்தான். காய் நறுக்குவது உட்கார்ந்து. பாத்திரம் துலக்குவதும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான். கேட்டால் “அலுப்பு” என்பாள்.

மாமியாருக்காக அத்தனை வருஷம் ஓடிய ஓட்டத்துக்குக் கொஞ்சம் உட்காரட்டும் என்று வீட்டிலும் விட்டுவிட்டார்கள்.

கட்டிலுக்குப் பின்னால், சுவரோடு சுவராக, மாமியார் ஊன்றி நடந்த வாக்கர் மடக்கிச் சாய்த்து வைத்திருந்தது. காலையில் முதல் வேலையாக அதன்மேல் ஒரு புடவையைப் போட்டு மூடியிருந்தாள். அதற்கு முன்னால்தான் இவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்தாள்.

இந்த அறைக்கு அவர்கள் வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

வந்தார்கள். நாத்தனார் புடவையை உருவினாள்.

“அட, இது இங்கயா இருக்கு.”

“அத எங்க மேனேஜரோட அப்பாவுக்குத் தர்றேன்னு சொல்லிட்டேன்” என்றான் கணவன், வாசற்படியில் நின்றபடி. “சாயங்காலம் மேனேஜரே வந்து எடுத்துக்குவார். இதெல்லாம் கண்ணுல படாம போனாத்தான் வீட்ல இருக்குற ஆஸ்பத்திரி வாசம் போகும்.”

“அது இருக்கட்டும்” என்றாள் அவள்.

“காரணம்?” நாத்தனார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள்.

காலையிலிருந்து மனசுக்குள் எத்தனையோ காரணங்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். அந்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை.

“அத்தை ஞாபகமா இருக்கட்டுமே.”

நாத்தனாரின் சிரிப்பு அப்படியே நின்றது. கண் கலங்கிவிட்டது.

“பெத்த பொண்ணு, எனக்குத் தோணல பாருங்க அண்ணி.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வாக்கரை எடுத்த இடத்திலேயே சாய்த்து வைத்தாள்.

அவன் மனைவியைப் புதிதாகப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தான். பிறகு போனை எடுத்துக்கொண்டு கூடத்துப் பக்கம் போனான். “தப்பா நெனைக்காதீங்க சார், வீட்ல ஆசைப்படுறாங்க” என்று அவன் சொல்வது கேட்டது.

இந்த வாக்கரால் தரையைத் தட்டித்தான் அத்தை அவளைக் கூப்பிடுவார். அடுப்பில் பால் இருந்தாலும் சரி, அவள் தட்டில் பாதிச் சாப்பாடு இருந்தாலும் சரி. அந்தச் சத்தத்தில் ஆசையாக ஞாபகம் வைத்துக்கொள்ள ஒன்றும் இருந்ததில்லை.

கூடத்தில் மறுபடி சண்டை தொடங்கியது. இந்த முறை ஓடாத டேபிள் ஃபேனுக்கு.

அவள் உட்கார்ந்தபடியே வாக்கரை இழுத்து மடிமேல் சாய்த்துக்கொண்டாள்.

அத்தை நல்ல உயரம். அந்தக் குடும்பமே உயரம்தான். அவள் மட்டும்தான் அந்த வீட்டில் குட்டை. கல்யாணப் போட்டோவில்கூட ஒரு பலகைமேல் ஏற்றித்தான் நிற்கவைத்தார்கள்.

வாக்கரின் கால்களில் உயரத்தைக் கூட்டிக் குறைக்க வரிசையாக ஓட்டைகள். பொத்தானை அமுக்கி, ஒரு காலை மேலே தள்ளினாள். டக். போதவில்லை. இன்னொரு ஓட்டை. டக். நான்கு கால்களையும் அப்படியே குறைத்தாள்.

பிறகு அதை விரித்துத் தரையில் ஊன்றி, பிடித்துக்கொண்டு, மெல்ல எழுந்து நின்றாள். கைகள் இரண்டும் சரியான உயரத்தில் போய் உட்கார்ந்தன.

போன மாதம், மூக்குக் கண்ணாடி மாற்றப் போவதாகச் சொல்லிவிட்டு, தனியாக ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அடுத்த தடவை வரும்போது வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் அவர்.

வீடு இப்போதுதான் மூச்சு விட ஆரம்பித்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டுக்கொள்ளட்டும்.

“என்ன அண்ணி, உள்ள டக்கு டக்குன்னு சத்தம்?”

“ஒண்ணுமில்லம்மா. தொடைச்சு வைக்கிறேன்.”

இந்தக் கதையைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது கொஞ்ச நாளாக எல்லா வேலையையும் உட்கார்ந்தே செய்கிறார்களா? எழுந்து போய், பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள்.