சுருள்

எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் வைத்து எடுத்து, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்த பிறகுதான் அவன் அவள் தலையில் விரல் வைத்தான்.

லேத் பட்டறையில் இரும்பு கடையும் கை. இதற்காகவே நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்வான். கருப்பு போகும்வரை சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுவான்.

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதில் மொத்தமாகக் கொட்டிப்போன தலை. கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிட்டுப் படுத்துக் கிடந்தாள். "முடிதானே, வராம எங்க போயிடும்" என்று அன்றைக்கே ஆரம்பித்தவன், ஒருநாள் காலைகூடத் தவறவிட்டதில்லை.

முட்டையும் கீரையும் சாப்பிட்டாளா என்று பார்ப்பான். ஈரத் தலையைத் துவட்ட விடமாட்டான்; பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி ஒற்றி எடுப்பான். அகலப் பல் சீப்புதான் வேண்டும் அவனுக்கு. நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே மேலே போவான்.

போனில் பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

கல்யாணமாகி நான்கு வருடம். நல்லவன்தான், கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் இடுப்பு வரை நேராகத் தொங்கிய அவள் கூந்தலை ஒருநாளும் தொட்டதில்லை.

இப்போது கழுத்து வரை வளர்ந்திருப்பது வேறு முடி. முழுக்கச் சுருள் சுருளாக. ஒவ்வொரு சுருளையும் விரலில் சுற்றி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டுத்தான் விடுகிறான். அப்போதெல்லாம் அவளுக்கு, நோய் வந்ததும் நல்லதற்குத்தான் என்றுகூடத் தோன்றியிருக்கிறது.

அவனுக்கு இது இரண்டாம் கல்யாணம். செத்துப்போன முதல் மனைவியின் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. வருகிறவள் மனம் கோணக் கூடாது என்று அவனே எடுத்துவிட்டான். இவளும் கேட்டதில்லை.

வாசல் கதவு திறந்துதான் இருந்தது. வெளிச்சத்துக்காக அவள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கவாட்டில் நின்றிருந்தான்.

"அண்ணி…"

பின்னாலிருந்து வந்த குரல் பாதியில் நின்றது. ஒரு பை தொப்பென்று விழுந்தது.

அவள் திரும்பினாள். அவனுடைய தங்கை, வெளியூரிலிருந்து வந்தவள், வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. திரும்பிய முகத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

"நீங்களா" என்றாள்.

இந்த நான்கு வருடத்தில் நாத்தனார் இவளை ஒருமுறைகூட அண்ணி என்று கூப்பிட்டதில்லை. அந்த வார்த்தையை அவள் வேறொருத்தியோடு அனுப்பிவிட்டிருந்தாள்.

அவன் விரல்கள் நிற்கவில்லை. "உள்ள போய் முகம் கழுவிக்க" என்று தங்கையிடம் சொன்னான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், தாழ்வாரம் திரும்பும்வரை இவள் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு போனாள்.

இவள் கையைத் தூக்கித் தன் பின்னந்தலைச் சுருள்களைத் தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூட்டு எண்ணெய் காதோரம் வழிந்தது. தலையை இழுத்துக்கொள்ளலாம். எழுந்து போய்விடலாம். நுனி வெட்டுகிற கத்தரி கைக்கெட்டும் தூரத்தில், ஜன்னல் கட்டையில் இருந்தது.

எழவில்லை.

"நேத்து டாக்டர் என்ன சொன்னாங்க?" அவன் கேட்டான். காதுக்குப் பின்னாலிருந்த ஒரு சுருள் அவன் விரலில் சுற்றியிருந்தது.

இந்தச் சுருள் ரொம்ப நாள் இருக்காது, மருந்தின் வேகம் அடங்கினால் இனி முளைப்பதெல்லாம் நேராகவே வரும், உங்கள் பழைய முடி உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடும் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

அவள் தலையை அவன் கைக்குள் இன்னும் கொஞ்சம் சாய்த்துக்கொடுத்தாள்.

"இனிமே எப்பவும் இப்படித்தான் வளருமாம்" என்றாள்.